இருவர் மட்டும் இருக்கும் பாய்ப்படகு: கிழக்குக் கரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணவனும் மனைவியுமாக ஒரு பாய்ப்படகை வாங்கி, அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து, கரையோரமாக ஊர் ஊராகப் போய்வரும் ஆசை இப்போது நம் ஆட்களுக்கும் வரத் தொடங்கியிருக்கிறது. கனடாவிலும் இலண்டனிலும் பாய் விரிக்கப் பழகிவிட்டு மட்டக்களப்புக்குத் திரும்பியவர்கள் விசாரிப்பார்கள். எத்தனை அடிப் படகு, எஞ்சின் எத்தனை குதிரைவலு, என்ன பாய் என்றுதான் முதலில் கேட்பார்கள். நானும் இவரும் ஒன்பது மீற்றர் படகொன்றில் திருகோணமலைக்கும் அறுகம்குடாவுக்கும் இடையே போய்வருகிறவர்கள் என்பதால் அதற்கெல்லாம் பதில் சொல்வேன். பிறகு நான் ஒன்று கேட்பேன்: உங்களில் ஒருவர் தூங்கும்போது, அல்லது காய்ச்சலில் படுத்திருக்கும்போது, மற்றவர் தனியாகப் படகைக் கரை சேர்ப்பாரா? இந்தக் கரையில் தம்பதிகள் விடும் தவறுகளில் முக்காற்பங்கு இதற்குப் பதில் இல்லாமல் புறப்படுவதால் வருகிறது.

ஒருவரே எல்லாம் தெரிந்தவராக இருப்பது

பெரும்பாலான படகுகளில் ஆண் சுக்கான் பிடிப்பார், பெண் சமைப்பார், கயிறு கேட்டால் எடுத்துக் கொடுப்பார். கரையில் நடக்கும் குடும்பம் அப்படியே கடலுக்கு ஏறிவிடுகிறது. இதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்று சொல்வேன். சுக்கான் பிடிப்பவர் கடலில் விழுந்தால், படகில் மிச்சம் இருப்பவர் அவரைத் திரும்ப எடுக்க வேண்டும். பாய் விரித்த படகு நிற்காது. ஐந்து நொட் (மணிக்கு ஐந்து கடல் மைல்) வேகத்தில் ஒரு நிமிடத்துக்குள் நூற்றைம்பது மீற்றர் போய்விடும். சிறு அலையிலேயே தலை மறைந்துவிடும். அந்த நிமிடத்தில் ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறிக்க வேண்டும், மிதவையை எறிய வேண்டும், படகைக் காற்றுக்கு முகம் காட்டித் திருப்ப வேண்டும், எஞ்சினைப் போடுவதற்கு முன் தண்ணீரில் கயிறு கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். இத்தனையையும் ஒரே ஆள், பதறிய மனதோடு.

பக்கத்தில் கொண்டுவந்துவிட்டாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கும். நனைந்த உடுப்போடு எழுபது கிலோ ஆளைத் தண்ணீரிலிருந்து கையால் தூக்க எந்த மனைவியாலும் முடியாது, பெரும்பாலான கணவன்மாராலும் முடியாது. அதனால் நாலு மடங்கு இழுவை கிடைக்கும் கப்பித் தொகுதி ஒன்றைப் பாய்மரத்தின் குறுக்குக் கம்பில் மாட்டத் தயாராக வைத்திருங்கள். பின்பக்க ஏணி, தண்ணீருக்குள் இருப்பவர் தானே இழுத்து இறக்கக் கூடியதாக இருக்க வேண்டும். படகுகளில் இருக்கும் ஏணிகள் பலவற்றை மேலிருந்துதான் அவிழ்க்கலாம். வாங்கும்போதே தண்ணீரில் இறங்கிப் பாருங்கள்.

கல்குடாவில் கடல் தட்டையாகக் கிடக்கும் ஒரு காலையில், தண்ணீர் நிரப்பிய இரண்டு கலன்களை ஒன்றாகக் கட்டி லைஃப் ஜாக்கட் போட்டுக் கடலில் தள்ளி, இருவரும் மாறி மாறி, மற்றவர் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்க, எடுத்துப் பழகுங்கள். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கணவன்மாருக்குக் கஷ்டம். ஆனால் அது இல்லாமல் பழகியதாகாது. எஞ்சினைக் கிளப்புவது, பாயைச் சுருக்குவது, நங்கூரம் போடுவது, வீஎச்எஃப் வானொலியின் 16ஆம் அலைவரிசையில் தான் இருக்கும் இடத்தைச் சொல்லி உதவி கேட்பது, இவை நான்கும் இருவருக்கும் தனித்தனியே வர வேண்டும். இரவில் சுக்கானடியை விட்டுப் படகின் முன்பக்கம் போவதென்றால் மற்றவரை எழுப்பிவிட்டு, இடுப்புக் கயிற்றை மாட்டிக்கொண்டுதான் போவது என்பதை இருவரும் ஒத்துக்கொண்ட சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். தூக்கத்தைக் கெடுக்கக் கூடாதே என்ற அன்பு அந்த இடத்தில் வேண்டாம்.

திகதியைக் குறித்துவிட்டுக் காற்றைப் பார்ப்பது

கிழக்குக் கரையில் பாய்ப்படகுக்கு உரிய காலம் ஏறக்குறைய மார்ச் பிற்பகுதியிலிருந்து செப்டெம்பர் வரைதான். ஒக்ரோபர், நவம்பரில் வங்கக் கடலில் தாழமுக்கங்கள் உருவாகும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வாடை. 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட சூறாவளியை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் காலக்கணக்குக்குச் சொல்வார்கள். 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறியது. “பிள்ளைகள் நத்தார் விடுமுறைக்கு வருகிறார்கள், அவர்களையும் ஏற்றிக்கொண்டு பொத்துவில் வரை போவோம்” என்பது போன்ற திட்டத்தைக் கேட்டாலே எனக்கு வயிறு கலங்கும். வாடையில் காற்றும் அலையும் கரையை நோக்கியே வரும், நீரோட்டம் தெற்கே இழுக்கும், ஒதுங்க இடமில்லை.

கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்திலும் ஒரு பிழை நடக்கிறது. காலையில் காற்று தரையிலிருந்து வரும், கடல் கண்ணாடியாக இருக்கும், நங்கூரம் போட்ட இடம் சொர்க்கமாகத் தெரியும். பகல் ஏற ஏற கடற்காற்று எழும்பி, அதே இடத்தில் படகைக் கரைப்பக்கம் தள்ளத் தொடங்கும். அப்புறம் பின்னேரம் மலைப்பக்கமிருந்து இடிமுகில் வந்தால், சில நிமிடங்களில் காற்று மேற்கே மாறிச் சீறும். வளிமண்டலவியல் திணைக்களம் கிழக்கு மாகாணத்துக்குப் “பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் இடியுடன் கூடிய மழை” என்று சொல்வதை வயல்காரருக்கான செய்தி என்று விட்டுவிடாதீர்கள். மேற்கே கறுத்தால், முதல் குளிர்காற்று முகத்தில் படுவதற்கு முன்பே பாயைச் சுருக்கிவிட வேண்டும். இருவர் படகில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் காற்று வந்த பிறகு ஒருவர் சுக்கானை விட முடியாது, மற்றவர் தனியாகப் பாயோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

துறைமுகம் இருக்கிறது என்ற நம்பிக்கை

வரைபடத்தைப் பார்த்தால் ஒதுங்க நிறைய இடம் இருப்பது போலத் தெரியும். உண்மையில் எந்தக் காற்றிலும், அடிக்கட்டை ஆழமான பாய்ப்படகு நம்பி நுழையக் கூடிய இயற்கைத் துறைமுகம் இந்தக் கரையில் திருகோணமலை ஒன்றுதான். மட்டக்களப்பிலிருந்து அது சுமார் 55 கடல் மைல். ஐந்து நொட்டில் போனால் பதினொரு மணித்தியாலம், அதாவது விடிய முன்பே புறப்பட்டால்தான் வெளிச்சத்தோடு போய்ச் சேரலாம்.

மட்டக்களப்பு வாவிக்குள் போய்க் கோட்டைக்கு முன்னால் கட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அழகான நினைப்புத்தான். ஆனால் முகத்துவாரம் மழைக்கு வெட்டிக்கொண்டு ஓடும், வெயில் காலத்தில் மணல் மூடும். பாலமீன்மடு வெளிச்சவீடு 1913 முதல் அதே இடத்தில் நிற்கிறது, அதன் முன்னால் இருக்கும் மணல் ஒரு பருவம்கூட ஒரே இடத்தில் இருப்பதில்லை. போன வருடம் ஜிபிஎஸ்ஸில் பதிந்த பாதையை இந்த வருடம் நம்பக் கூடாது. வாவித் தண்ணீர் வெளியே பாயும்போது கிழக்கிலிருந்து அலை வந்தால் வாயில் அலை நிமிர்ந்து உடையும். வெளியே நின்று பார்த்தால் அலையின் முதுகுதான் தெரியும், உடைவது தெரியாது. உள்ளே போனாலும் வாவியின் பெரும்பகுதி ஆழம் குறைந்தது, உயர்ந்த பாய்மரம் கல்லடிப் பாலத்தைத் தாண்டாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எங்கள் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீற்றரும் இல்லை. ஐரோப்பாவில் பழகியவர்கள் “தரை தட்டினால் என்ன, பெருக்கு வந்து தூக்கிவிடும்” என்று சொல்வார்கள். இங்கே தூக்காது. தட்டினால் அங்கேதான்.

ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது, ஆனால் வாயை மணல் மூடிக்கொண்டே வந்திருக்கிறது. அதே அலைதடுப்புகளுக்கு வடக்கே கரை அரிக்கப்பட்டு நிந்தவூர்ப் பக்கத்து மக்கள் தென்னைகளையும் காணிகளையும் இழந்தார்கள். அந்தப் பக்கம் போகும்போது அங்குள்ள மீனவரிடம் அன்றைய ஆழத்தைக் கேட்காமல் வாய்க்குள் திரும்பாதீர்கள். வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகம் நெடுநாள் படகுகளுக்கு வேலைத்தளம். முன்கூட்டியே கேட்டு, அவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் போவதென்றால் சரி.

பாசிக்குடா, கல்குடா, அறுகம்குடா எல்லாமே ஒரு பக்கம் கடலுக்குத் திறந்த குடாக்கள். அறுகம்குடாவில் அலைச்சறுக்கு வீரர்களை இழுக்கும் அதே தென்கடல் வீச்சு, முனையைச் சுற்றி வந்து நங்கூரத்தில் இருக்கும் படகை இரவெல்லாம் உருட்டும். இந்த இடங்களில் நங்கூரம் போடும்போது கயிற்றில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். ஐந்து மீற்றர் ஆழம், அணியம் (படகின் முன்முனை) தண்ணீருக்கு மேலே ஒரு மீற்றர் என்றால், கணக்கு ஆறு மீற்றரிலிருந்து தொடங்கும். முழுக்கச் சங்கிலி என்றால் அதில் ஐந்து மடங்கு, முப்பது மீற்றர்; கயிறு கலந்தது என்றால் ஏழு மடங்கு, நாற்பதுக்கு மேல். பாசிக்குடாவிலும் காயங்கேணியிலும் பவளப்பாறை இருக்கிறது. வெள்ளை மணலைக் கண்ணால் கண்ட பிறகே நங்கூரத்தை விடுங்கள். ஒரு நங்கூரச் சங்கிலி ஒரு இரவில் உடைக்கும் பவளம் திரும்ப வளர எத்தனையோ வருடம் எடுக்கும்.

இரவும் வலையும்

கரையோரம் போகும் தம்பதிகள் இரவு ஓட்டத்தைச் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். “கொஞ்ச நேரம் கண்ணை மூடுகிறேன்” என்று இருவரும் உள்ளே படுத்துவிடும் படகுகள் உண்டு. இருபது நொட்டில் வரும் கப்பல், அடிவானத்தில் தெரிந்து உங்கள் மேல் ஏற இருபது நிமிடம் போதும். வங்கக் கடலிலிருந்து தெற்கே இறங்கும் கப்பல்கள், தென்கிழக்கே கடலுக்குள் வெளிச்சவீடு நிற்கும் பாறைத்தொடரான சின்ன இராவணன் கோட்டைப் பக்கம் வரும்போது கரையை நெருங்கும். அங்கே போகிற எண்ணம் இருந்தால் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாறி மாறி விழித்திருக்க முதலிலேயே பழகுங்கள்.

கப்பலைவிட அடிக்கடி சந்திப்பது வலை. இரவில் விரித்த வலைகள் கிலோமீற்றர் கணக்கில் கிடக்கும், நுனியில் ஒரு சின்ன மின்னும் விளக்கு அல்லது கொடி மட்டும். பகலில் களுவாஞ்சிக்குடி, கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் கரைவலை வளைத்திருப்பார்கள். வலையின் இரண்டு தலையும் கரையில், நடுவில் நிற்கும் போட்டுக்கும் கரைக்கும் இடையே மீன். கரைக்கும் போட்டுக்கும் இடையில் புகுந்து போகாதீர்கள், வெளியே சுற்றிப் போங்கள். எஞ்சின் விசிறியில் வலை சுற்றிவிட்டால் எஞ்சினை நிறுத்தி, பாயை இறக்கி, முதலில் அந்த வலைக்காரரைக் கைகாட்டிக் கூப்பிடுங்கள். உடனே கத்தியை எடுப்பது பெரிய பிழை. அந்த வலை ஒரு வீட்டின் அடுப்பு. பெரும்பாலும் அவர்களே தண்ணீரில் இறங்கிக் கழற்றித் தருவார்கள். வெட்டத்தான் வேண்டும் என்றால் அவர்களைக் கேட்டு வெட்டி, நட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போங்கள். இந்தக் கரையில் உங்களுக்கு ஆபத்து வந்தால் முதலில் வந்து சேரும் ஆட்கள் அவர்கள்தான்.

நாவலடியிலும் வாழைச்சேனையிலும் கடலுக்குப் போகிற மனிதர்களிடம் காலையில் பத்து நிமிடம் நின்று பேசுவது எந்த ரேடாரையும்விடப் பெறுமதியானது. கிழவர் ஒருவர் என்னிடம், “புள்ள, கச்சான் விழுந்து நிண்டா நல்லதெண்டு நினைக்காத, அவன் மூச்சுப் பிடிக்கிறான்” என்றார். காற்று திடீரென்று ஓய்வது எதற்கு அறிகுறி என்று நான் படித்த கைநூல்கள் எதுவும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

படகுக்குள்ளே

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வெளியே போகாது, படகின் அடித்தளத்தில் தேங்கும், ஒரு சுவிட்ச் பொறி போதும். வீட்டில் அடுப்புக் குமிழை மூடுவதோடு விடுகிற பழக்கம் படகில் ஆகாது. சமைத்து முடிந்ததும் சிலிண்டரிலேயே மூட வேண்டும், சிலிண்டர் கடலுக்கு வடியும் தனிப் பெட்டியில் இருக்க வேண்டும். ஓட்டத்தில் சோறாக்குவதென்றால் பிரஷர் குக்கர்தான், பூட்டிய மூடி சாய்ந்தாலும் கொட்டாது. கச்சான் வெயிலில் குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லீற்றருக்குக் குறையாமல் கணக்கிட்டு, அதை ஒரே தொட்டியில் வைக்காமல் கலன்களில் பிரித்து வையுங்கள். ஒரு கலன் வெடித்தால் மற்றது இருக்கும்.

புறப்படும் முன், எங்கே போகிறோம், எத்தனை மணிக்குள் அழைப்போம், அழைக்காவிட்டால் எத்தனை மணிக்குக் கடற்படைக்கு அறிவிக்க வேண்டும் என்று எழுதிக் கரையில் உள்ள ஒருவர் கையில் கொடுங்கள். அம்மாவிடம் வேண்டாம், அவர் அரை மணித்தியாலத்திலேயே அழத் தொடங்கிவிடுவார். நிதானமான ஒரு தம்பியோ மச்சானோ போதும். பொத்துவிலுக்கு வடக்கே உள்ள சங்கமன்கண்டி முனையைத் தாண்டினால் தொலைபேசி இணைப்பு இடைக்கிடை விட்டுப் போகும் என்பதையும் அந்தத் தாளில் எழுதிவிடுங்கள்.