சாவதற்காகவே பிறக்கும் நண்பர்கள்: இளையோர் நாவலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில இளையோர் நாவல்களில், இறக்கப்போகிற நண்பனை அவன் அறிமுகமாகும் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். அவனுக்குக் கோபம் வராது. யாரையும் பார்த்துப் பொறாமைப்பட மாட்டான். வயதுக்கு மீறிய தெளிவோடு பேசுவான். கூச்ச சுபாவமுள்ள கதாநாயகனுக்குத் துணிச்சல் ஊட்டிவிட்டு இறந்துபோவான். நட்பையும் மரணத்தையும் சேர்த்து எழுதுகிறவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு இதுதான். இறந்தவன் இன்னொருவனின் வளர்ச்சிக்கு உரமாகிவிடுகிறான். அவனுக்கென்று ஓர் ஆசையும், சொல்லி மாட்டிக்கொண்ட ஒரு பொய்யும், நண்பனோடு தீராத ஒரு சண்டையும் இருந்திருந்தால்தான் அவன் போன பிறகு வாசகருக்கு வலிக்கும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. மரணம் நிகழும் அத்தியாயத்தை எடுத்துவிட்டு மீதியைப் படித்துப் பாருங்கள். அந்த நண்பனுக்குக் கதையில் வேறு வேலையே இல்லை என்றால், அவனை நீங்கள் இன்னும் எழுதத் தொடங்கவில்லை.

அடுத்தது, துக்கம் என்றால் கண்ணீர் என்று நினைப்பது. அமெரிக்க எழுத்தாளர் கேத்தரின் பாட்டர்சன், தன் மகனின் எட்டு வயதுத் தோழி மின்னல் தாக்கி இறந்த துயரத்திலிருந்து 'பிரிட்ஜ் டு டெராபிதியா'வை எழுதினார். 1977-இல் வெளிவந்த அந்த நாவலில் லெஸ்லி என்ற சிறுமி இறப்பதை நாம் பார்ப்பதில்லை. செய்திதான் வருகிறது. அவளுடைய நண்பன் ஜெஸ் முதலில் அதை நம்ப மறுக்கிறான். பிறகு, இனி வகுப்பிலேயே வேகமாக ஓடுகிறவன் தான்தான் என்ற எண்ணம் அவனுக்குள் எழுகிறது. அவள் பரிசளித்த வண்ணங்களை ஓடையில் வீசுகிறான். அன்று வெளியூர் போனபோது அவளையும் அழைத்திருக்கலாமே என்ற குற்ற உணர்வு வேறு. அந்த ஓட்டப்பந்தய எண்ணத்தை எழுதத் துணிச்சல் வேண்டும். பதின்பருவத்தில் இழப்பைச் சந்தித்தவர்கள் இப்படிப்பட்ட எண்ணங்களை வெளியே சொல்லக் கூசுகிறார்கள். அதை அச்சில் பார்க்கும் பிள்ளைக்கு, தான் ஒரு கொடியவன் அல்ல என்பது புரிகிறது. இளையோர் இலக்கியம் செய்யக்கூடிய பெரிய உதவிகளில் ஒன்றாக இதை நான் கருதுகிறேன்.

துக்கத்தின் படிகளாகப் பலரும் சொல்லும் மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற ஐந்து நிலைகளை அத்தியாயத் திட்டமாக்கிக்கொள்வதையும் தவிருங்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அவற்றை எழுதியது இறந்துகொண்டிருந்த நோயாளிகளிடம் கண்டதை வைத்து. உயிரோடு எஞ்சியவர்களின் துக்கம் அந்தப் படிகளில் வரிசையாக ஏறுவதில்லை. மூன்று மாதம் அமைதியாக இருந்தவன் ஒரு பஸ் டிக்கெட்டைப் பார்த்து உடைந்துபோகலாம்.

பலர் கவனிக்காமல் விடும் இடம் ஒன்று உண்டு. நண்பனின் துக்கத்துக்கு உலகில் நாற்காலி கிடையாது. தாய், தந்தை, உடன்பிறந்தவர் ஆகியோருக்கு ஆறுதல் சொல்ல ஆள் வருவார்கள். உற்ற தோழனோ கூட்டத்தின் பின்வரிசையில் நிற்கிறான். அடுத்த வாரமே தேர்வு எழுத வேண்டியிருக்கிறது. 'ஃப்ரெண்டுதானே' என்று யாரோ சொல்கிறார்கள். இறந்தவனின் மிகப் பெரிய ரகசியம் அவனிடம்தான் இருக்கிறது, ஆனால் அவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. இந்த நிலைமைக்குள் ஒரு முழு நாவலே இருக்கிறது. அதைத் தாண்டி ஓடி, ஒரு தாத்தாவையோ ஆசிரியரையோ வரவழைத்து மரணத்தைப் பற்றி இரண்டு பக்கம் தத்துவம் பேசவைக்காதீர்கள். பாரி இறந்தபின் கபிலர் மரணத்துக்கு விளக்கம் சொல்லவில்லை. கண்ணீரோடு பறம்பு மலையைத் தொழுது விடைபெற்றார்.

நோயால் வரும் மரணம் என்றால் அந்த நோயைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். இருமலும் வெளிறிய முகமும் மட்டும் போதாது.

தற்கொலையை எழுதும்போது பொறுப்பு பல மடங்கு கூடுகிறது. ஜெர்மன் எழுத்தாளர் கதே 1774-இல் எழுதிய, நாயகன் தற்கொலை செய்துகொள்ளும் வெர்தர் நாவலின் பெயரால், ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்யும் தற்கொலைகளை 'வெர்தர் விளைவு' என்று சமூகவியலாளர் டேவிட் பிலிப்ஸ் 1974-இல் அழைத்தார். செய்தி எழுதுவோருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அறிவுரை நாவலாசிரியருக்கும் பொருந்தும்: முறையை விவரிக்காதீர்கள், ஒற்றைக் காரணத்தில் அடக்காதீர்கள், அதை ஒரு தீர்வாகக் காட்டாதீர்கள். இறந்த பிறகு எல்லாரும் வருந்தித் திருந்துவதாக முடிக்கும் கதை என்னை அச்சுறுத்துகிறது. தனிமையில் அதைப் படிக்கும் பிள்ளைக்கு அது ஒரு வாக்குறுதியாகத் தெரியக்கூடும்.

கடைசி அத்தியாயத்தில் புதிய நண்பனையோ காதலையோ கொண்டுவந்து வெற்றிடத்தை நிரப்பும் அவசரமும் வேண்டாம். இந்த வயதுக்கே உரிய வேறொரு காட்சி இருக்கிறது. பதினைந்தில் இறந்தவன் பதினைந்திலேயே நிற்பான். அவனைவிட இரண்டு மாதம் இளையவனாக இருந்து கேலிக்கு ஆளானவன் ஒரு நாள் காலையில் கண்விழிக்கும்போது அவனுக்கு மூத்தவன் ஆகியிருப்பான். அந்தக் காலையை எழுதுங்கள்.