கன்சல்டிங்கில் வாங்கிய பைக் மக்கர் செய்தால் செய்யக்கூடாத தவறுகள்

பழைய வண்டி விற்கும் ஆட்டோ கன்சல்டிங் கடைகளில், ஊர் எதுவானாலும் பதில் ஒன்றுதான். "செகண்ட் ஹேண்ட் வண்டிங்க. ஓட்டிப் பார்த்துத்தானே எடுத்தீங்க? இப்ப வந்து கேட்டா நான் என்ன பண்ண முடியும்?" வாங்கியவர் அதைக் கேட்டுவிட்டு, நம் தலையெழுத்து என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு பக்கத்து மெக்கானிக்கிடம் போகிறார். இதற்குள்ளேயே இரண்டு தவறுகள் நடந்துவிட்டன. கேட்க உரிமையில்லை என்று நம்பியது ஒன்று, கடைக்காரருக்குத் தெரியாமல் வண்டியைப் பிரிக்கக் கொடுத்தது இன்னொன்று.

முதலில் உரிமையைப் பார்ப்போம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருள் புதியதா பழையதா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. காசு கொடுத்துச் சொந்த உபயோகத்துக்கு வாங்கினால் நீங்கள் நுகர்வோர். விற்பதைத் தொழிலாக வைத்திருப்பவர் வியாபாரி. ‘குறைபாடு’ எது என்று அந்தச் சட்டம் விளக்கும்போது, சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருக்க வேண்டிய தரத்தோடு, வியாபாரி எந்த வகையிலாவது இருப்பதாகச் சொல்லிக்கொண்ட தரத்தையும் சேர்த்துக்கொள்கிறது. பழைய பைக் வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எட்டு வருஷ வண்டி ஷோரூம் வண்டி போல ஓட வேண்டும் என்று எந்த நுகர்வோர் ஆணையமும் சொல்லாது. "இன்ஜின்ல கையே வைக்கல, 22,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, சிங்கிள் ஓனர்" என்று கடைக்காரர் சொன்னாரா, சொன்னது உண்மையா என்று கேட்கும்.

சரி, அந்த "ஓட்டிப் பார்த்தீங்களே"? அதில் பாதி நியாயம் உண்டு. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில், வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளைப் பின்னால் கிளப்ப முடியாது என்று இருக்கிறது. மொட்டையான டயர், நசுங்கிய டேங்க், எரியாத இண்டிகேட்டர் ஆகியவற்றுக்காகச் சண்டைக்குப் போகாதீர்கள். செயின் ஸ்பிராக்கெட், பேட்டரி, பிரேக் ஷூ மாதிரித் தேய்மானச் சாமான்களும் அப்படியே. பத்து நிமிஷ ஓட்டத்தில் வெளியே தெரியாத கிராங்க் கோளாறு, பெயின்ட் அடித்து மறைத்த சேஸ் வெல்டிங், பின்னுக்குத் தள்ளிய மீட்டர் ஆகியவை வேறு கணக்கு.

உணவு டெலிவரிக்காக வண்டி எடுத்தவர்கள், தொழிலுக்கு வாங்கியதால் தங்களுக்கு இந்தச் சட்டம் கிடையாது என்று நினைக்கிறார்கள். அது தவறு. சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் பயன்படுத்தினால் அவரும் நுகர்வோர்தான். மாறாக, ஆன்லைன் விளம்பரம் பார்த்து ஒரு தனி ஆளிடம் அவருடைய சொந்த வண்டியை வாங்கியவருக்கு நுகர்வோர் ஆணையத்தில் வழி கிடைப்பது கடினம். விற்றவர் வியாபாரி இல்லையே. அங்கே உரிமையியல் நீதிமன்றம்தான்.

வாய்ப் பேச்சை நம்பி வாங்குவது

வியாபாரி சொன்னதுதான் அளவுகோல் என்றால், சொன்னதற்குச் சாட்சி வேண்டும். வண்டி விற்ற மறுநாளே விளம்பரத்தை எடுத்துவிடுவார்கள். ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பேரம் போனில் முடிந்திருந்தாலும், அன்றைக்கே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடலாம்: "அண்ணா, நீங்க சொன்ன மாதிரி இன்ஜின் வேலை எதுவும் பார்க்காத வண்டி, 22,000 கிலோமீட்டர், ஆக்சிடென்ட் இல்ல, சரிதானே?" அவர் "ஆமா" என்று பதில் போட்டால், அந்த ஒற்றைச் சொல் பின்னால் ரொம்ப உதவும். பதில் போடாமல் நழுவினால் அதுவும் ஒரு தகவல்தான்.

பில் கேட்டால் பல கடைகளில் டெலிவரி நோட் ஒன்றை நீட்டுவார்கள். வண்டியைப் பெற்றுக்கொண்ட தேதி, நேரம், இனி கேஸ் எதுவானாலும் வாங்கியவரே பொறுப்பு என்ற வரி, கீழே ‘வண்டி உள்ளது உள்ளபடி’ என்று ஒரு முத்திரை. படிக்காமல் கையெழுத்துப் போடுவதைவிட மோசம், விலை எழுதாத நோட்டில் கையெழுத்துப் போடுவது. என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதே இல்லாவிட்டால் எதைத் திருப்பிக் கேட்பீர்கள்? பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019 சட்டம் சொல்கிறது. குறைபாடுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற முத்திரையைப் பார்த்துப் பயந்து ஒதுங்கத் தேவையில்லை. "பில் போட்டா ஜிஎஸ்டி ஏறும்" என்பார்கள். பழைய வண்டி வியாபாரத்தில் வரி பொதுவாகக் கடைக்காரரின் லாபத்துக்குத்தானே தவிர முழு விலைக்கு இல்லை.

பணம் யாருக்குப் போகிறது என்பதையும் கவனியுங்கள். போர்டில் ஒரு பெயர், ஜிபேயில் ஒரு மச்சான் பெயர், ஆர்.சி புக்கில் மூன்றாவது பெயர் என்று இருந்தால், பின்னால் "அது புரோக்கர் வாங்கிய பணம்" என்று கை விரிக்க வசதியாகிவிடும். 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்திருக்கிறார்கள். படிவம் 29பி என்ற அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அதில் கடை உரிமையாளர் பெயரும் முகவரியும் இருக்கும், நோட்டீஸ் அனுப்ப உதவும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவற்றை விரிவாக எழுதினால் அது தனிக் கட்டுரை. இரண்டை மட்டும் சொல்கிறேன். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொல்லி பழைய சர்வீஸ் விவரம் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் பதிந்த கிலோமீட்டர் அதில் இருக்கும், மீட்டர் மோசடி அங்கேயே வெளிப்படும். அடுத்து வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னையில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகை வரம்பு விதி) வண்டிகள் பெரும்பாலானவற்றில் எரிபொருள் இன்ஜெக்‌ஷனும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் இசியு என்ற கம்ப்யூட்டரும் சேர்ந்துவிட்டதால், வயரிங்குக்குள் போன தண்ணீர் சில மாதம் கழித்துக்கூட வேலையைக் காட்டும். சீட்டைக் கழற்றி, கனெக்டர்களில் சேறும் பச்சை படிந்த பின்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பழுது தெரிந்த முதல் சில நாள்கள்

நல்ல வழக்குகள் கெட்டுப்போவது இந்த நாள்களில்தான். அவசரத்துக்கு மெக்கானிக்கிடம் விட்டு, ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் மாற்றி, பழைய சாமானை எடைக்குப் போட்டுவிட்டு, பிறகு புகார் கொடுத்தால் கடைக்காரரின் வக்கீல் ஒரே கேள்விதான் கேட்பார்: குறை என் கட்சிக்காரர் விற்ற வண்டியில் இருந்ததா, உங்கள் மெக்கானிக் உண்டாக்கியதா? தேவைப்பட்டால் பொருளைச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் சோதிக்க அந்தப் பொருள் இருக்க வேண்டுமே.

பழுது தெரிந்ததும் வண்டியை நிறுத்துங்கள். மீட்டர் தெரியும்படி போட்டோ, சத்தமும் புகையும் பதிவாகும்படி வீடியோ எடுங்கள். "தெரிஞ்சே இன்னும் 3,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்காரு" என்று எதிர்த்தரப்பு சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. அப்புறம் கம்பெனி சர்வீஸ் சென்டரில், பிரித்து வேலை பார்க்காமல், சோதனை மட்டும் செய்யச் சொல்லி ஜாப் கார்டும் எஸ்டிமேட்டும் வாங்குங்கள். "போர் போயிடுச்சு" (சிலிண்டர் உட்புறம் தேய்ந்துவிட்டது) என்று வாயால் சொல்வது பத்தாது. என்ன குறை, எவ்வளவு நாளாக இருந்திருக்கும், வெளிப்பார்வைக்குத் தெரியுமா என்பதை எழுத்தில் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கான பதில்தான் மேலே சொன்ன "ஓட்டிப் பார்த்தீங்களே"வுக்கு மருந்து. வேலை பார்த்தே ஆக வேண்டிய நிலை என்றால் முதலில் கடைக்காரருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, கழற்றிய சாமான்களைப் பத்திரப்படுத்துங்கள்.

கடைக்காரர் "ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க, பார்த்துத் தரேன்" என்றால் அந்த வாய்ப்பைக் கொடுக்கலாம், கொடுப்பது உங்களுக்கும் நல்லது. ஆனால் துண்டுச் சீட்டுகூட இல்லாமல் விட்டுவிட்டு வராதீர்கள். தேதி, கிலோமீட்டர், என்ன புகார் ஆகியவற்றை எழுதி அவர் கையெழுத்து வாங்குங்கள். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று வண்டியை வாங்கிக்கொண்டால் இன்னும் கவனம் வேண்டும். ஆர்.சியில் உங்கள் பெயர் இருக்கும்வரை அந்த வண்டி இடித்தால் இழப்பீட்டுக்கு உங்களைத்தான் தேடுவார்கள். கைமாறிய வண்டியானாலும் பதிவில் உள்ளவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. வண்டி அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் போகிறது என்று பதிவு செய்யவே படிவம் 29சி இருக்கிறது. அதைச் செய்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.

கோபத்தில் பேர் மாற்றத்தையும் தவணையையும் நிறுத்துவது

"எப்படியும் திருப்பிக் கொடுக்கப் போறேன், பேர் எதுக்கு மாத்தணும்" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். வண்டி கையில் இருக்கும்வரை இது ஆபத்து. வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கும், 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் மாற்றத்துக்கும் விண்ணப்பிக்க வேண்டும். பாலிசியை மாற்றாவிட்டால் மூன்றாம் நபர் காப்பீடு தொடரும், உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குக் கிடைக்காது. கடன் தவணையும் அப்படித்தான். வண்டி ஓடவில்லை என்பது ஃபைனான்ஸ்காரரின் பிரச்சினை இல்லை. தவணை நின்றால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள், சிபில் மதிப்பெண்ணும் போகும், சாட்சியான வண்டியும் போகும்.

புகார் கொடுக்கும்போது

நேராகக் காவல் நிலையத்துக்குப் போவது பழக்கமாகிவிட்டது. திருட்டு வண்டி, போலி ஆர்.சி என்றால் அதுதான் சரி. இன்ஜின் கோளாறுக்கு "சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்புவார்கள், நாள்தான் வீணாகும். முதலில் கடை உரிமையாளர் பெயருக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். என்ன சொல்லி விற்றார், என்ன குறை, என்ன வேண்டும், எத்தனை நாளுக்குள் என்பது இருந்தால் போதும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தால் சில கடைக்காரர்கள் அதோடு வழிக்கு வருவார்கள். ஆனால் அங்கே உத்தரவு போட மாட்டார்கள், சமரசத்துக்கு முயல்வார்கள், அவ்வளவுதான். அதையே நம்பி மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. வழக்குத் தொடுக்கச் சட்டம் தரும் காலம் இரண்டு வருஷம்.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், கடை வேறு மாவட்டத்தில் இருந்தாலும் பரவாயில்லை. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் போடலாம். சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் அதைவிட இழுக்கும் என்று எண்ணிக்கொண்டே இறங்குங்கள்.

அறுபதாயிரம் ரூபாய் வண்டிக்குப் பத்து லட்சம் மன உளைச்சல் இழப்பீடு கேட்பது உங்கள் புகாரின் கனத்தைத்தான் குறைக்கும். வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு விலையைத் தர வேண்டும், அது இல்லையென்றால் எஸ்டிமேட்படி ரிப்பேர் செலவைத் தர வேண்டும் என்று இரண்டு வழியாகக் கேளுங்கள். இழப்பீட்டையும் வழக்குச் செலவையும் தனியாக, நியாயமான அளவில் எழுதுங்கள். விற்ற கடையும் பணம் வாங்கியவரும் வேறு ஆள்கள் என்றால் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். உத்தரவு வந்த பிறகும் பணம் தரவில்லையென்றால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடலாம். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.