ஸ்பிரிங் மெத்தை வாங்கும்முன் சுருள்களைப் பற்றித் தெரிந்துகொள்வது எப்படி?

மெத்தைக் கடையில் விற்பனையாளர் பெருமையோடு சொல்லும் முதல் எண் பெரும்பாலும் ஸ்பிரிங் எண்ணிக்கையாகத்தான் இருக்கும். இதில் 800, அதில் 1000 என்று அவர் சொன்னதும், 1000 உள்ளதே உயர்ந்தது என்று நாமும் தலையாட்டிவிடுகிறோம். ஆனால் சுருள்கள் ஒன்றோடொன்று எப்படிப் பிணைக்கப்பட்டுள்ளன, கம்பி எவ்வளவு தடிமன், அவற்றின்மேல் என்ன அடுக்கு உள்ளது என்ற மூன்றையும் கேட்டறிந்த பிறகே அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

முதலில் பிணைப்பைப் பாருங்கள். நெடுங்காலமாகப் புழங்கிவரும் பொனெல் ஸ்பிரிங், உடுக்கையைப் போல நடுவில் சிறுத்து இரு முனைகளிலும் விரிந்திருக்கும். அருகருகே உள்ள சுருள்களை மெல்லிய திருகு கம்பிகள் மேலும் கீழும் கோத்துக் கட்டியிருப்பதால், ஒன்றை அழுத்தினால் பக்கத்தில் உள்ளவையும் சேர்ந்து இறங்கும். ஒருவர் புரண்டு படுத்தால் மற்றவரின் தூக்கம் கலைவதற்கு இதுவே காரணம். பாக்கெட் ஸ்பிரிங்கில் ஒவ்வொரு சுருளும் தனித் துணிப்பைக்குள் அடைக்கப்பட்டிருக்கும். பைகள் மட்டுமே ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருப்பதால், ஒவ்வொரு சுருளும் தன்மேல் விழும் எடைக்கேற்ப ஏறத்தாழத் தனியாக இயங்கும். ஒரே கம்பியை வளைத்து வளைத்து ஒரு வரிசை முழுவதையும் உருவாக்கும் தொடர்சுருள் வகையும் உண்டு. அது உழைக்கும் என்றாலும், அசைவைக் கடத்துவதில் பொனெலுக்கு நெருக்கமானது. இருவர் படுக்கும் கட்டிலுக்கு நான் பாக்கெட் ஸ்பிரிங்கையே பரிந்துரைப்பேன். விருந்தினர் அறைக்கு பொனெல் தாராளமாகப் போதும்.

அடுத்தது கம்பியின் தடிமன். பலரும் குழம்புவது இங்கேதான், ஏனெனில் கம்பியின் தடிமனைக் குறிக்கும் கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும். 14 கேஜ் என்றால் ஏறத்தாழ 2 மி.மீ.; 12 கேஜ் அதைவிடத் தடித்தது, சுமார் 2.6 மி.மீ.; 16 கேஜ் சுமார் 1.6 மி.மீ. மட்டுமே. இந்த வேறுபாடு கண்ணுக்கு அற்பமாகத் தோன்றினாலும், சுருளின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு (விட்டம் × விட்டம் × விட்டம் × விட்டம்) ஏற்ப உயர்வதால், மற்ற அளவுகள் மாறாதபோது 12 கேஜ் சுருள் 14 கேஜ் சுருளைப் போல மூன்று மடங்கு அளவுக்கு விறைப்பாக இருக்கும். சுருளின் அகலமும் சுற்றுகளின் எண்ணிக்கையும் கூடினால் விறைப்பு குறையும். ஆகவே கேஜ் என்பதைத் தரத்தின் அளவுகோலாகக் கொள்ளாமல் உங்கள் உடலுக்கான பொருத்தமாகக் கொள்ளுங்கள்: உடல் எடை மிகுந்தவர்க்கும் மல்லாந்து படுப்பவர்க்கும் தடித்த கம்பி பெரும்பாலும் ஒத்துவரும், ஒருக்களித்துப் படுக்கும் மெலிந்தவர்க்குத் தோளும் இடுப்பும் சற்றே அமிழும்படி மெல்லிய கம்பிதான் இதம்.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். 60 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் கொண்ட மெத்தையில் 800 சுருள்கள் இருந்தால், ஒரு சுருளுக்கு 6 சதுர அங்குலம் வருகிறது. 76 அங்குல அகல மெத்தையில் 1000 சுருள்கள் இருந்தாலும் கணக்கு கிட்டத்தட்ட அதேதான். மேலடுக்கில் உள்ள குட்டிச் சுருள்களையும் சேர்த்து எண்ணி 2000 என்று விளம்பரப்படுத்துவதும் உண்டு. அடித்தள அடுக்கில் மட்டும் எத்தனை என்று கேளுங்கள்.

இந்தக் கேள்விகள் எதையும் கேட்காமல் நான் வாங்கிய ஒரு மெத்தை இரண்டே ஆண்டுகளில் நடுவில் குழி விழுந்துவிட்டது. ஸ்பிரிங்தான் தளர்ந்துவிட்டது என்று எண்ணி ஓரத் தையலைப் பிரித்துப் பார்த்தால், சுருள்கள் புதிதைப் போல நிமிர்ந்து நின்றன. அவற்றின்மேல் இருந்த ஃபோம்தான் விரலால் அழுத்திய இடத்தில் மீண்டெழாமல் அப்பளமாகக் கிடந்தது. நல்ல எஃகுச் சுருளைவிட மலிவான ஃபோம் முந்திக்கொண்டு கெடும் என்பதால், ஃபோமின் அடர்த்தியையும் தவறாமல் விசாரியுங்கள்.

கடையில் கையால் அழுத்திப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கமாகத் தூங்கும் நிலையிலேயே பத்துப் பதினைந்து நிமிடம் படுத்திருங்கள், கூச்சப்பட வேண்டியதில்லை. மல்லாந்து படுத்தபடி இடுப்பின் பின்வளைவுக்கும் மெத்தைக்கும் நடுவே கையை நுழையுங்கள்: கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை உங்களுக்கு விறைப்பு, நுழையவே முடியாதபடி இடுப்பு அமிழ்ந்திருந்தால் அது அளவுக்கு மீறிய மென்மை. பின்னர் உடன் வந்தவரை மறுபக்கம் எழுந்து உட்காரச் சொல்லி, அதிர்வு எவ்வளவு வருகிறது என்று கவனியுங்கள். கடைசியாக விளிம்பில் உட்கார்ந்து பாருங்கள். ஓரம் சரிந்து உங்களைத் தள்ளினால், அங்கே தடித்த சுருள்களோ ஃபோம் சுவரோ கொடுக்கப்படவில்லை என்று பொருள்.

உத்தரவாதத்தில் ஆண்டுக் கணக்கைவிட, எத்தனை அங்குல ஆழக் குழியைக் குறையாக ஏற்பார்கள் என்பதே முக்கியம். கட்டில் சட்டங்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி வரை அனுமதி என்பதையும் அதிலேயே படித்துவிட்டு, வீட்டில் உள்ள கட்டிலை அளந்துகொண்டு பணம் கட்டுங்கள்.