யூஎஸ்பி விட்டு விட்டு வேலை செய்கிறதா? எப்போது விடுகிறது என்று முதலில் பாருங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கே சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கும் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் அக்கா ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டாள். "தம்பி, இதைக் கொஞ்சம் பாரேன். செருகினா வருது, படத்தைக் காப்பி பண்ண ஆரம்பிச்சா போயிடுது." அதில் இருந்தவை அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள். வேறு எங்கும் பிரதி கிடையாது. அத்தான் இரண்டு வாரமாக இணையத்தில் தேடித் தேடி டிரைவரை (சாதனத்தை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளை) மாற்றிப் பார்த்து, கடைசியில் விண்டோஸையே அழித்துவிட்டு மறுபடி நிறுவியிருந்தார், அப்படியும் சரியாகவில்லை. கோளாறு இருந்ததோ ஒரு கேபிளில்.

பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. கம்பியையும் துளையையும் பார்க்காமல் நேரே மென்பொருளுக்குள் போய்விடுகிறோம். நான் சொல்லப்போகும் வரிசை அதற்கு நேர் எதிர். முதலில் எப்போது விட்டுப்போகிறது என்று கவனிப்பது, பிறகு கம்பி, துளை, மின்சாரம், அதற்குப் பிறகுதான் விண்டோஸ் அமைப்புகள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றிச் சரியானால் எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த மாதம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

தொடங்கும் முன் ஒன்று

விட்டுப்போவது ஹார்ட் டிஸ்க்கோ பென் டிரைவோ என்றால், அது இணைந்திருக்கும் நேரத்திலேயே முக்கியமான கோப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வேறு இடத்துக்கு நகலெடுத்துவிடுங்கள். மொத்தமாக இழுத்துப் போட வேண்டாம், ஒவ்வொரு கோப்புறையாகப் போதும். நடுவில் விண்டோஸ் "ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று கேட்டால் கேன்சல் கொடுங்கள், அவசரத்தில் சரி என்று அழுத்திவிடாதீர்கள். டிஸ்க்கிலிருந்து "டக், டக்" என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். அது உள்ளே இயந்திரம் பழுதாவதற்கான அறிகுறி, இந்தப் பதிவில் இருக்கும் எதுவும் அதற்கு உதவாது. படங்கள் உங்களுக்கு முக்கியமென்றால் தரவு மீட்கும் கடைக்குத்தான் போக வேண்டும்.

படி 1: எப்போது விடுகிறது?

ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். சாதனம் விட்டுப்போகும் ஒவ்வொரு முறையும் மணி என்ன, அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதுங்கள். ஒரு நாள் எழுதினாலே ஒரு போக்கு தெரிந்துவிடும்.

கம்பியில் கை பட்டாலோ மேசை ஆடினாலோ விடுகிறது என்றால் கம்பி அல்லது துளை. பெரிய கோப்பை நகலெடுக்கும்போது, அதாவது சாதனம் உழைக்கும்போது விடுகிறது என்றால் பெரும்பாலும் மின்சாரம் போதவில்லை. சும்மா விட்டுவிட்டுக் காப்பி குடித்து வந்து பார்த்தால் காணோம் என்றால், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் அமைப்பு. இன்னொரு சாதனத்தைச் செருகியதும் இது போகிறதென்றால், இரண்டும் ஒரே ஹப்பில் (ஒரு யூஎஸ்பி துளையைப் பலவாக்கும் பெட்டியில்) மின்சாரத்துக்குப் போட்டி போடுகின்றன.

எழுத நேரமில்லாதவர்களுக்கு விண்டோஸே ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. ஸ்டார்ட்டில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் பக்கத்துக்குப் போங்கள். டிஸ்க் திடீரென்று கழன்றிருந்தால் 157 என்ற எண்ணோடு ஒரு வரி, நேரத்தோடு இருக்கும். அங்கே வேறு பல மஞ்சள், சிவப்புக் குறிகளும் தெரியும், அவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எல்லாக் கணினியிலும் அவை உண்டு.

அக்கா வீட்டில் பதில் உடனே கிடைத்துவிட்டது. சும்மா இருக்கும்போது ஒரு மணி நேரமானாலும் டிஸ்க் அப்படியே இருந்தது. நகலெடுக்கத் தொடங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. அதாவது மின்சாரம்.

படி 2: கேபிள்

மின்சாரம் என்றதும் நான் பார்த்தது கேபிளைத்தான். டிஸ்க்கோடு வந்த கேபிள் குட்டையாக, தடிமனாக இருக்கும். அக்கா கொண்டுவந்ததோ இரண்டு மீட்டர் நீளம், நூடுல்ஸ் மாதிரி மெல்லியது. விசாரித்தால், அக்கா மகன் தன் கைப்பேசிக்கு சார்ஜ் போட டிஸ்க்கின் கேபிளை எடுத்துக்கொண்டு, தன்னுடையதை அதற்குப் பதிலாக வைத்திருக்கிறான். இரண்டும் டைப் சி முனை, பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கேபிளை வெளிச்சத்தில் பிடித்து உறையின் மேல் பாருங்கள், சிலவற்றில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். அதில் ஏடபிள்யூஜி என்ற எழுத்துகளுக்கு முன்னால் ஒரு எண் இருக்கும், பெரும்பாலும் 28, 24, 22 என்று. அது உள்ளே இருக்கும் செம்புக் கம்பியின் அளவு. எண் குறையக் குறையக் கம்பி தடிமன். இரண்டு எண்கள் இருந்தால் ஒன்று தரவுக் கம்பிக்கு, மற்றது மின்கம்பிக்கு.

இது ஏன் முக்கியம் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன். 28 அளவுக் கம்பியில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.21 ஓம் மின்தடை. இரண்டு மீட்டர் கேபிளில் மின்சாரம் போய்த் திரும்ப நான்கு மீட்டர், அதாவது 0.85 ஓம். டிஸ்க் 0.9 ஆம்பியர் இழுத்தால் கிட்டத்தட்ட முக்கால் வோல்ட் வழியிலேயே தீர்ந்துவிடும், 5 வோல்ட்டாகக் கிளம்பியது 4.25 ஆகத்தான் டிஸ்க்குக்குப் போய்ச் சேரும். அந்த அளவுக்கு இறங்கினால் டிஸ்க் மூச்சு முட்டி நின்றுவிடும். அதே நீளத்தில் 24 அளவுக் கம்பியாக இருந்தால் இழப்பு 0.3 வோல்ட்தான். நீளம் பாதியானால் இழப்பும் பாதி. அதனால் ஹார்ட் டிஸ்க்குக்கு அரை மீட்டர் கேபிளே நல்லது.

இன்னொன்றும் உண்டு. சில மலிவான கேபிள்களில் தரவுக் கம்பியே இருக்காது, மின்கம்பி மட்டும்தான். அதைச் செருகினால் விளக்கு எரியும், கணினிக்கு எதுவும் தெரியாது.

கேபிள் சரியென்று பட்டால் முனையைப் பாருங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம், ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். ஜன்னலோரம் கணினி வைத்திருக்கும் வீடுகளில், மேல்பூச்சு தேய்ந்த முனைகளில் பச்சையாக ஒரு படிவு பூத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கணினியை அணைத்து, கேபிளைக் கழற்றி, மருந்துக் கடையில் கிடைக்கும் ஆல்கஹால் துடைப்பானால் முனையை மெல்லத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். துளைக்குள் ஊசி, ஹேர்பின் எதையும் விடாதீர்கள், உள்ளே இருக்கும் மெல்லிய தகடு வளைந்தால் துளையே போய்விடும்.

படி 3: துளையையும் கணினியையும் மாற்றிப் பார்ப்பது

மேசைக் கணினி என்றால் முன்பக்கத் துளையை விட்டுவிட்டுப் பின்பக்கம் செருகுங்கள். பின்பக்கத் துளைகள் மதர்போர்டிலேயே பற்றவைத்தவை. முன்பக்கத்துக்கு உள்ளே ஒரு தனிக் கம்பி ஓடுகிறது, அந்த இணைப்பு தளர்ந்திருக்கலாம். செருகியதும் தொளதொளவென்று ஆடுகிறதா என்றும் பாருங்கள். பழைய செவ்வக யூஎஸ்பி முனை 1,500 தடவை செருகிக் கழற்றும் கணக்கில் வடிவமைக்கப்பட்டது, டைப் சி 10,000 தடவை. தினமும் நாலைந்து முறை கழற்றும் வீட்டில் 1,500 என்பது ஓராண்டிலேயே தீர்ந்துவிடும்.

அப்புறம், சாதனத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கோ அலுவலக நண்பரிடமோ போய் அவர்கள் கணினியில் ஒருமுறை செருகிப் பாருங்கள். அங்கேயும் விட்டுப்போனால் கோளாறு சாதனத்தில், உங்கள் விண்டோஸைத் தொட வேண்டியதே இல்லை. பத்து நிமிட வேலை இது, இதைச் செய்யாமல் யாரும் விண்டோஸை அழிக்கக் கூடாது என்பது என் பிடிவாதமான கருத்து.

படி 4: மின்சாரமும் ஹப்பும்

யூஎஸ்பி 2.0 துளை கொடுப்பது 500 மில்லி ஆம்பியர், நீல நிறத்தில் இருக்கும் 3.0 துளை 900. கையடக்க ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் 1 ஆம்பியர் வரை இழுக்கக்கூடும், அதனால் கறுப்பு அல்லது வெள்ளைத் துளையில் செருகினால் திணறும். நீலத் துளையில் செருகுங்கள்.

தனி மின்சாரம் இல்லாத ஹப் இன்னும் மோசம். கணினி கொடுக்கும் அதே 500 மில்லி ஆம்பியரைத்தான் அது பங்கிட வேண்டும், விதிப்படி பார்த்தால் ஒவ்வொரு துளைக்கும் 100தான். விசைப்பலகை, மவுஸுக்கு அது போதும். டிஸ்க், வெப்கேம் எல்லாவற்றையும் அதில் கோத்தால் ஒன்று எழும்போது இன்னொன்று விழும். டிவைஸ் மேனேஜரில் (திறக்கும் வழி படி 5இல்) வியூ என்ற இடத்தில் "டிவைசஸ் பை கனெக்‌ஷன்" தேர்ந்தெடுத்தால் எது எதோடு ஒரே ஹப்பில் இருக்கிறது என்று கிளை கிளையாகத் தெரியும்.

நாலைந்து சாதனம் வைத்திருப்பவர்கள் தனி அடாப்டரோடு வரும் ஹப் வாங்குவதுதான் வழி. ரோச்சோரில் சிம் லிம் ஸ்குவேரில் ஏறி இறங்கினால் பல வகை கிடைக்கும். அடாப்டரில் நம் நாட்டின் சேஃப்டி மார்க் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரவெல்லாம் சுவரில் செருகிக் கிடக்கப்போகிற பொருள், சில வெள்ளி மிச்சம் பிடிக்க முத்திரையில்லாததை வாங்காதீர்கள்.

படி 5: சும்மா இருக்கும்போது விடுகிறதென்றால்

விண்டோஸ் சாவியையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். கடைசிப் பக்கமாக யூனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ் இருக்கும். அதை விரித்து, யூஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றையும் இரட்டைச் சொடுக்கு செய்து, பவர் மேனேஜ்மெண்ட் பக்கத்தில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று இருக்கும் முதல் கட்டத்தின் குறியை எடுத்துவிடுங்கள்.

பிறகு கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், நீங்கள் பயன்படுத்தும் திட்டத்தின் அட்வான்ஸ்டு அமைப்புகள். அங்கே யூஎஸ்பி செட்டிங்ஸ் என்பதற்குள் "செலெக்டிவ் சஸ்பெண்ட்" இருக்கும், டிஸேபிள்டு என்று மாற்றுங்கள். சில மடிக்கணினிகளில் இந்த இரண்டில் ஒன்று தெரியாது, கவலையில்லை, தெரிவதை மாற்றினால் போதும். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், அதனால் கோளாறு இதனால் இல்லை என்று தெரிந்தால் பழையபடி வைத்துவிடுங்கள்.

படி 6: டிரைவர்

இங்கே வந்துதான் டிரைவரைத் தொட வேண்டும். டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தை வலச்சொடுக்கு செய்து அன்இன்ஸ்டால் கொடுத்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள், விண்டோஸ் தானே மறுபடி போட்டுக்கொள்ளும். ஷட்டவுன் செய்து திறப்பது வேறு, ரீஸ்டார்ட் வேறு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட்டவுன் செய்தாலும் பழைய நிலையில் கொஞ்சம் சேமித்து வைக்கப்படும். டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்துக்கு "கோட் 43" என்ற பிழை வந்தால், மேசைக் கணினியை அணைத்து, சுவர் சுவிட்சையும் அணைத்து, பவர் பொத்தானை 15 நொடி அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் படி 3க்குத் திரும்புங்கள்.

கம்பியில்லா மவுஸ் மட்டும் தடுமாறினால்

இது தனிக் கதை. மவுஸின் சின்ன ரிசீவர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் பேசுகிறது. யூஎஸ்பி 3.0 இணைப்பில் தரவு ஓடும்போது அதே அலைவரிசையில் இரைச்சல் கிளம்புகிறது, 2012இல் இன்டெல் நிறுவனமே இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. என் வீட்டில் டிஸ்க்கில் எதையாவது நகலெடுக்கும் நேரமெல்லாம் மவுஸ் அம்பு திக்கித் திக்கி நகரும், நான் பேட்டரியை மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு மீட்டர் யூஎஸ்பி 2.0 நீட்டிப்புக் கேபிளில் ரிசீவரை மாட்டி மவுஸ் பக்கத்தில் கொண்டுவந்து வைத்ததும் அது நின்றுவிட்டது.

அக்கா வீட்டில் அன்று படி 2ஐத் தாண்ட வேண்டியிருக்கவில்லை. மருமகனின் அறையிலிருந்து பழைய கேபிளை வாங்கிவந்து செருகினோம். நகலெடுப்பது இரவு ஒன்பது மணிவரை ஓடியது, ஒருமுறைகூட விடவில்லை. அடுத்த வாரம் போனபோது கேபிளின் முனையில் வெள்ளை டேப் ஒட்டி, "ஹார்ட் டிஸ்க் மட்டும்" என்று அக்கா பேனாவால் எழுதியிருந்தாள். படங்கள் இப்போது இரண்டு டிஸ்க்கில் இருக்கின்றன, ஒன்று என் வீட்டு அலமாரியில்.