கார்பன் இங்க் கலந்து நியூட்ரல் கறுப்பு வெள்ளை பிரிண்ட்: எப்சன் 1430-இல் செய்வது எப்படி

கலர் பிரிண்டரில் கறுப்பு வெள்ளைப் படம் போட்டால் ஒன்று பச்சை அடிக்கும், இல்லையென்றால் ரோஸ் அடிக்கும். சாம்பல் நிறத்தைப் பெரும்பாலும் சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்துதான் பிரிண்டர் உண்டாக்குகிறது. ஒன்று கொஞ்சம் மிஞ்சினாலும் கண் கண்டுபிடித்துவிடும். டியூப்லைட்டில் சரியாக இருந்தது ஜன்னல் பக்கம் போனதும் மாறும். 2000-இல் வந்த எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 2000பி இதற்கே பேர்போனது: குண்டு பல்பின் கீழ் நல்ல சாம்பல், பகல் வெளிச்சத்தில் பச்சை. 2005-இல் ஆர்2400-இல் மூன்று விதக் கறுப்பு வைத்து எப்சனே இதைப் பெருமளவு சரிசெய்தது. ஆனால் 1430-இல் இருப்பது ஒரே கறுப்பு, அதுவும் டை இங்க், அதாவது தண்ணீரில் கரைந்த சாயம். நியூட்ரல், அதாவது எந்த நிறமும் அடிக்காத சாம்பல் வேண்டும் என்பதால் ஆறு இங்க்கையும் வெளியே எடுத்துவிட்டு, கார்பன் பிக்மென்ட்டை (கரையாத நுண்துகள் உள்ள கறுப்பு இங்க்) நீர்த்து ஊற்றப் போகிறோம். இந்த வழியைப் பரப்பியவர்களில் பால் ரோர்க் முக்கியமானவர். தன் கலவைகளை ஒளிக்காமல் எழுதி வைத்தவர். கலக்கப் பொறுமை இல்லாதவர்கள் ஜான் கோனின் பீஸோகிராபி இங்க்கை ரெடிமேடாக வாங்கலாம், விலைதான் கடிக்கும்.

ரீஃபில் கார்ட்ரிட்ஜ் மாட்டுவது, சிப் ரீசெட் செய்வது, ஹெட்டில் இருக்கும் பழைய டை இங்க்கைக் கழுவி வெளியேற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. கறுப்பைச் சோதியுங்கள்

வேண்டியது பிக்மென்ட் மேட் பிளாக், அதாவது பளபளப்பில்லாத மேட் பேப்பருக்கான கறுப்பு. ‘பிக்மென்ட்’ என்று பாட்டிலில் ஒட்டியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு சொட்டு இங்க்கைப் பத்து சொட்டு தண்ணீரில் கலந்து டிஷ்யூ பேப்பரில் வையுங்கள். நல்ல கார்பன் நடுவிலேயே சாம்பலாக நிற்கும், ஓரத்தில் தண்ணீர் மட்டும் பரவும். ஊதாவோ நீலமோ வளையமாக ஓடினால் அதில் டை கலந்திருக்கிறது. அந்தப் பாட்டில் நமக்கு ஆகாது.

2. நீர்ப்பான்

வெறும் தண்ணீரில் இங்க்கை நீர்த்தால் ஹெட்டில் காயும், பேப்பரில் கோடு விழும். இங்க்கை நீர்க்க நான் போடும் நீர்ப்பான் இது: 100 மி.லி.க்கு டிஸ்டில்டு வாட்டர் 89, கிளிசரின் 10, கோடக் போட்டோ-ஃப்ளோ 1. போட்டோ-ஃப்ளோ என்பது தண்ணீர் திட்டில்லாமல் பரவ உதவும் திரவம், பிலிம் கழுவுகிறவர்களிடம் இருக்கும். அதற்குப் பதில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஊற்றாதீர்கள்; வாசனையும் உப்பும் சேர்ந்த சரக்கு அது. மருந்துக்கடையில் கிளிசரின் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள், பன்னீர் கலந்ததும் அதே அலமாரியில்தான் இருக்கும்.

3. மூன்று நீர்ப்பு

30 மி.லி. கறுப்பும் 70 மி.லி. நீர்ப்பானும் சேர்ந்தால் 30% இங்க். அதில் 30 எடுத்து மறுபடி 70 நீர்ப்பான் ஊற்றினால் 9%. அதிலிருந்து இன்னொரு முறை அதே கணக்கில் எடுத்தால் 2.7%. எப்போதும் 3-க்கு 7. நேரடியாகக் கறுப்பிலிருந்து 2.7 மி.லி. அளக்கப் போனால் சிரிஞ்சில் ஒட்டியிருப்பதே கணக்கைக் கெடுத்துவிடும். நகைக்கடைத் தராசு மாதிரி 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் எடை போட்டே கலக்கலாம். எனக்கு அதுதான் பிடிக்கும், அளவு ஜாடியை நம்புவதில்லை.

4. டோனர்

கார்பன் இயல்பிலேயே பழுப்பு அடிக்கும். நீர்க்க நீர்க்க அது இன்னும் தெரியும். பழுப்பை அடக்கப் பச்சை கலந்த நீலம் வேண்டும், அதாவது பெரும்பங்கு சயான், கொஞ்சம் மெஜந்தா. இந்தக் கலவையைத்தான் டோனர் என்கிறேன், லேசர் பிரிண்டர் தூளை அல்ல. பிக்மென்ட் சயான் 15, பிக்மென்ட் மெஜந்தா 5, நீர்ப்பான் 80 என்று தொடங்குங்கள். டை இங்க் வேண்டாம். காற்றிலும் வெளிச்சத்திலும் சீக்கிரம் மங்கும், பிக்மென்ட்டோடு சேர்ந்து கட்டி தட்டினாலும் தட்டும். மஞ்சள் இந்தக் கலவைக்குத் தேவையே இல்லை. கார்பன் மங்காது, டோனர் என்றாவது மங்கினாலும் படம் பழுப்புக்குத்தான் திரும்பும், பச்சைக்குப் போகாது.

டோனரைக் கார்பன் பாட்டிலிலேயே ஊற்றிவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். பேப்பர் மாறினால் பழுப்பின் அளவும் மாறும், ஊற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது. டோனருக்குத் தனி கார்ட்ரிட்ஜ் இருக்கட்டும்.

5. எந்த இடத்தில் எது

கறுப்பு கார்ட்ரிட்ஜ் இடத்தில் முழுக் கறுப்பு, சயானில் 30%, லைட் சயானில் 9%, லைட் மெஜந்தாவில் 2.7%, மெஜந்தாவில் டோனர். மஞ்சள் இடத்தில் வெறும் நீர்ப்பான். அதைக் காலியாக விட்டால் காற்று ஏறும்.

எப்சன் டிரைவர் இதற்கு உதவாது. ஒவ்வொரு இங்க்கும் எவ்வளவு விழ வேண்டும் என்று நாமே சொல்ல விடும் அச்சு மென்பொருளான ராய் ஹாரிங்டனின் குவாட்டோன் ரிப் வேண்டும். முதலில் ஒவ்வொரு இங்க்குக்கும் உச்சவரம்பு வைத்து, பிறகு வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 21 படிச் சோதனைப் பட்டை அச்சிட்டு லீனியரைஸ் செய்யுங்கள், அதாவது படிகள் சீராக ஏறும்படி திருத்துங்கள். மேட் பேப்பரில் கறுப்பை அளந்து எல் மதிப்பு (0 கருமை, 100 வெண்மை) 16, 17 வந்தால் திருப்தி. அதற்கு மேல் இங்க் கொட்டினால் கறுப்பு அதிகமாகாது, பேப்பர்தான் நனைந்து பள்ளமாகும்.

6. நியூட்ரல் ஆக்குவது

நேரம் முழுக்க இங்கேதான் போகும். டோனரை எல்லாச் சாயலுக்கும் ஒரே விகிதத்தில் வைத்தால் நிழல் பகுதி நீலம் அடிக்கும், நடுச்சாம்பல் பழுப்பாகவே நிற்கும். காரணம், பழுப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. என் பேப்பரில் டோனர் இல்லாமல் அளந்தபோது முழுக் கறுப்பில் பி மதிப்பு (ப்ளஸ் என்றால் மஞ்சள், மைனஸ் என்றால் நீலம்) 1 பக்கம். நடுச்சாம்பலிலிருந்து வெளிச்சப் பக்கம் ஏறும் இடத்தில் 5 வரை போனது. பிறகு பேப்பர் வெள்ளையை நோக்கி இறங்கிவிட்டது. டோனரின் கோடும் அதே மேடாக இருக்க வேண்டும்: கறுப்பில் சுழியம், 40% சாயல் அருகே உச்சம், வெள்ளைப் பக்கம் மெல்லச் சரிவு.

எந்தச் சாயலுக்கு எவ்வளவு இங்க் என்று சொல்லும் ரிப்பின் கர்வ் கோப்பு வெறும் டெக்ஸ்ட்தான், ஒரு இங்க்குக்கு 256 எண்கள். டோனர் பத்தியை மட்டும் எக்செல்லில் ஒட்டி, மேடு வேண்டிய இடத்தில் பெருக்கித் திரும்ப ஒட்டுவேன். மவுஸால் கோட்டை இழுப்பதைவிட இது கைக்கு அடங்கும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பட்டை அச்சிட்டு, ஒரு நாள் காயவிட்டு அளங்கள். ஈரத்தோடு அளந்த எண்ணை வைத்துத் திருத்தினால் முடிவே வராது. ஏ மதிப்பு மைனஸில் போனால் பச்சை, டோனரில் மெஜந்தாவை அரை மி.லி. கூட்டுங்கள். ப்ளஸில் போனால் சிவப்பு, சயானைக் கூட்டுங்கள்.

ஏ, பி இரண்டும் சுழியம் ஆக வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். பளிச்சென்ற வெள்ளைப் பேப்பரின் பி மதிப்பே மைனஸில் இருக்கும். அதில் வெளிர் சாம்பலைச் சுழியத்துக்கு இழுத்தால் வெள்ளை ஓரத்துக்குப் பக்கத்தில் மஞ்சளாகத் தெரியும். நடுச்சாம்பலும் நிழலும் சுழியம் அருகே இருக்கட்டும். வெளிர் பகுதி பேப்பர் நிறத்தோடு போய்ச் சேரட்டும். நிறம் அளக்கும் கருவியான கலர்மங்கியின் விளக்கில் புற ஊதா இல்லாததால், பேப்பரை வெண்மையாகக் காட்டச் சேர்க்கும் பிரைட்னர் அதற்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிகிற வெள்ளை வேறு, அது காட்டும் எண் வேறு. இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் பிரைட்னர் இல்லாத பேப்பருக்குப் போய்விடுங்கள். கான்சன் ராக் போட்டோகிராபிக் 310 என் தேர்வு.

டோனரும் கொஞ்சம் அடர்த்தி சேர்க்கும். நிறம் சரியானதும் லீனியரைஸ் மறுபடி ஒருமுறை.

பின் சேர்க்கை

இதைப் படித்துச் செய்தவர்கள் கேட்டவை. கார்ட்ரிட்ஜில் நுரை வருகிறது என்றால் போட்டோ-ஃப்ளோ கூடிவிட்டது, பாதியாகக் குறையுங்கள். ஊற்றிய பிறகு ஓர் இரவு அசையாமல் வையுங்கள்.

முதல் வாரம் நன்றாக வந்த பிரிண்ட் பிறகு வெளிறுகிறது என்றார் ஒருவர். நீர்த்த கார்பன் அடியில் படியும். இரண்டு மூன்று நாள் சும்மா இருந்த பிரிண்டர் என்றால் கார்ட்ரிட்ஜ்களைக் கழற்றி, மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தி, மறுபடி மாட்டுங்கள், குலுக்க வேண்டாம். பிறகு நாஸில் செக்.

கிளாசி பேப்பரில் போடலாமா என்பதுதான் அதிகம் பேர் கேட்டது. மேட் பிளாக் கிளாசியில் ஒட்டாது, விரல் பட்டால் கையோடு வரும். அதற்குப் போட்டோ பிளாக்கை அடிப்படையாக வைத்து மூன்று நீர்ப்பையும் கர்வ்களையும் புதிதாகச் செய்ய வேண்டும். நீர்ப்பானும் வேறு, மேலே சொன்னதை அப்படியே ஊற்றினால் மினுமினுப்பு திட்டுத்திட்டாக வரும்.