பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலை: வீட்டார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் முதல் வாரத்தில் கொஞ்சம் மஞ்சளாகத்தான் தெரிகிறார்கள். இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியை வெளியேற்றக் கல்லீரல் பழகும் வரை அந்த நிறம் தோலில் தேங்குகிறது. பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும். ஆனால் அளவு மிஞ்சினால் பிலிருபின் மூளைக்குள் புகுந்துவிடும். அதனால் வரும் காது கேளாமையையும் கை கால் பாதிப்பையும் பிறகு எந்த மருந்தாலும் மாற்ற முடியாது. "எல்லாக் குழந்தைக்கும் வருவதுதானே" என்று நாள் கடத்துவதைத்தான் முதலில் கைவிட வேண்டும்.

சுகப்பிரசவம் என்றால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிலிருபின் உச்சத்துக்கு ஏறுவதோ மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். அந்த நேரத்தில் குழந்தை, காற்றுப் படக்கூடாது என்று சன்னல் சாத்திய அறையில் மங்கிய பல்பு வெளிச்சத்தில் கிடக்கிறது. அங்கே யார் பார்த்தாலும் மஞ்சள் தெரியாது. பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, நெற்றியிலும் மார்பிலும் விரலால் மெல்ல அழுத்தி எடுத்துப் பாருங்கள். மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். உள்ளங்கால் வரை வந்துவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது ஒருபோதும் இயல்பானதல்ல. பால் குடிக்க எழுப்பினாலும் எழாமல் தூங்குவது, கீச்சென்று அழுவது, முதுகை வில்லாக வளைப்பது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

"காலை வெயிலில் காட்டினால் இறங்கிவிடும் கண்ணு" என்று பாட்டிமார் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. 1956-இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில், செவிலியர் ஜீன் வார்டு வெயிலில் வைத்திருந்த குழந்தைகளின் உடம்பில் வெளிச்சம் பட்ட இடம் மட்டும் வெளுத்திருந்ததைக் கவனித்தார். ஒளிச் சிகிச்சை பிறந்ததே அங்கிருந்துதான். ஆனால் நமக்கு வேண்டியது அந்த ஒளியின் நீலப் பகுதி, அதுவும் அளந்து, மணிக்கணக்கில். பத்து நிமிட வெயில் அதற்கு ஈடாகாது. துணியில்லாமல் வெளியே வைத்த குழந்தைக்குக் குளிர் தாக்கலாம், தோலும் கன்றலாம். இதைவிடப் பெரிய கேடு, வெயிலை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது.

சர்க்கரைத் தண்ணீர், குளுக்கோஸ் தண்ணீர், கீழாநெல்லிச் சாறு எதுவும் வேண்டாம். பிலிருபின் வெளியேறும் வழி மலம். மலம் போக வேண்டுமென்றால் பால் போக வேண்டும். தண்ணீர் வயிற்றை நிரப்பிப் பாலைக் குறைக்கும், மஞ்சளும் ஏறும். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை தாய்ப்பால் கொடுங்கள். "நீ சாப்பிட்டதுதான் குழந்தைக்கு மஞ்சளாக இறங்கியிருக்கிறது" என்று சொல்லிப் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் போடுவது பெருங்கொடுமை. அவள் சாப்பாட்டுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அவள் வயிறார உண்ண வேண்டிய நேரம் அது.

நீல விளக்கின் கீழ் கண்ணைக் கட்டி, வெறும் டயப்பரோடு கிடக்கும் பிள்ளையைப் பார்க்க யாருக்கும் மனம் பதறும். "குளிருமே" என்று மேலே துணி போர்த்துகிறார்கள். துணி மூடிய தோலில் ஒளி படாது. கண்கட்டை அவிழ்ப்பதும் ஆபத்து. பால் கொடுக்க வெளியே எடுக்கலாம், ஆனால் உறவினர் ஒவ்வொருவராக வாங்கிக் கொஞ்சினால் சிகிச்சை நேரம் அதிலேயே கரைந்துவிடும். பச்சையாக, இளகலாக மலம் போனால் பயப்பட வேண்டாம், பிலிருபின் வெளியேறுகிறது. நிறம் குறைந்துவிட்டது என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போகாதீர்கள். விளக்கின் கீழ் இருக்கும் குழந்தையின் தோல் நிறத்தை நம்ப முடியாது, இரத்த அளவுதான் பேச வேண்டும். இரத்தம் மாற்ற வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் ஊரிலிருந்து பெரியவர்கள் வரட்டும் என்று தாமதிக்கவே கூடாது.

பலரும் நினைத்தே பார்க்காத ஒன்று, அந்துருண்டை. முதல் பிள்ளைக்குப் பழைய துணி போடும் வழக்கத்தில், பீரோவில் அந்துருண்டையோடு கிடந்த வேட்டியைக் கிழித்துச் சுற்றிவிடுகிறோம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த உருண்டையில் உள்ள நாப்தலீனே சிவப்பணுக்களை உடைத்து மஞ்சளைக் கிடுகிடுவென ஏற்றிவிடும். அந்தத் துணியே வேண்டாம். தாய்க்கும் குழந்தைக்கும் இரத்த வகை ஒத்துப்போகாவிட்டாலும் இப்படிச் சிவப்பணுக்கள் உடையலாம். தாயின் இரத்த வகை ஓ அல்லது நெகட்டிவ் என்றால் பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் நினைவூட்டுங்கள். நெகட்டிவ் தாய்க்குப் பாசிட்டிவ் குழந்தை பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். அது அடுத்த குழந்தையைக் காக்கும்.

இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் மறையாவிட்டால் மீண்டும் பரிசோதனை அவசியம். மலம் சுண்ணாம்புபோல வெளுத்து, சிறுநீர் துணியில் மஞ்சள் கறையாகப் படிந்தால் பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை பிறந்த 60 நாள்களுக்குள் நடந்தால்தான் பலன் அதிகம். மலம் பட்ட துணியை அலசிவிடாமல் அப்படியே கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.