மயோடோனிக் டிஸ்ட்ரோபி: அறிகுறிகளைத் தனித்தனியாகப் பார்க்கும் தவறு

பெரியவர்களிடம் அதிகமாகக் காணப்படும் மரபுவழித் தசை நோய்களுள் ஒன்றான மயோடோனிக் டிஸ்ட்ரோபி முதல் வகை, தசையோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. இருபது வயதுகளில் இறுகப் பற்றிய கை உடனே விரிய மறுக்கிறது; பல ஆண்டுகள் கழித்து, வழக்கமான வயதுக்கு முன்பே கண்புரை வருகிறது; அதன்பின் பகல் தூக்கமும் விழுங்குவதில் சிரமமும் சேர்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு மருத்துவரைப் பார்ப்பதால், எல்லாவற்றையும் ஒரே தாளில் ஆண்டுவாரியாக எழுதிப் பார்க்க எவருக்கும் தோன்றுவதில்லை. நோய் கண்டறியப்படாமல் ஆண்டுகள் கழிவதற்கு இதுவே முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

இந்தத் தொடர்பு தற்செயலானதன்று. 19ஆம் குரோமோசோமில் உள்ள டிஎம்பிகே மரபணுவில் சிடிஜி என்னும் டிஎன்ஏ மூவெழுத்து 50 முறைக்கு மேல் திரும்பத் திரும்ப வருவதே நோய்க்குக் காரணம் என்று 1992இல் கண்டறியப்பட்டது. இதனால் நீண்டுபோன ஆர்என்ஏ (அந்த மரபணுவின் செய்தி நகல்), பிற மரபணுக்களின் செய்திகளைச் செப்பனிடும் புரதங்களைச் சிறைப்பிடித்துவிடுவதால் கண், இதயம், குடல், மூளை என எல்லா இடங்களிலும் பாதிப்பு எழுகிறது. வயது ஏற ஏற உடல் திசுக்களில் இந்தத் தொடர் மேலும் நீளக்கூடும்.

‘பலவீனம் இருக்கிறதா?’ என்று மட்டும் கேட்பதும் தவறு. கை விரியாமை பலவீனமாக உணரப்படாததால் நோயாளி ‘இல்லை’ என்றே சொல்வார். குளிரில் அது கூடுகிறதா, கையைத் திரும்பத் திரும்ப மூடித் திறந்தால் இறுக்கம் குறைகிறதா என்று கேட்க வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, தசையின் நிலையை வைத்து இதயத்தை எடைபோடுவது. நன்றாக நடமாடுபவருக்கும் இதய மின்கடத்தல் தடைபட்டுத் திடீர் மரணம் நேரலாம். ஆகவே எந்தக் குறையும் தெரியாதபோதும் ஆண்டுதோறும் ஈசிஜி எடுக்க வேண்டும். மயக்கமோ படபடப்போ வந்தால் அடுத்த ஆண்டுப் பரிசோதனை வரை பொறுத்திருக்கக் கூடாது.

பகல் தூக்கத்தையும் எதிலும் நாட்டமின்மையையும் சோம்பல் என்று குடும்பத்தார் கடிந்துகொள்வது மனத்தை வருத்துகிறது. அவை மூளையில் நோய் ஏற்படுத்தும் மாற்றங்களாக இருக்கலாம். காலையில் தலைவலியும் சேர்ந்தால், இரவில் மூச்சு போதாமல் போகிறதா என்று பரிசோதிக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன் நோயின் பெயரைச் சொல்லாமல் விடுவதும் பெருந்தவறு. அறிகுறிகள் லேசாக இருந்தாலும், மயக்க மருந்துகளும் மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிநீக்கிகளும் மூச்சை அளவுக்கு மீறி அடக்கிவிடலாம். அறுவையின்போது தசையைத் தளர்த்தத் தரப்படும் சக்சமெத்தோனியம் தவிர்க்கப்பட வேண்டிய மருந்து.

எல்லாருக்கும் அறிகுறிகள் இதே வரிசையில் வரும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. மூன்றாம் குரோமோசோமோடு தொடர்புடைய இரண்டாம் வகையில் தொடை, இடுப்புத் தசைகளின் பலவீனமும் தசைவலியும் முன்னே நிற்கும். முதல் வகையிலோ, தலைமுறை இறங்க இறங்க நோய் முன்கூட்டியே தொடங்குவது வழக்கம்: தாத்தாவுக்குக் கண்புரை மட்டும், மகளுக்குக் கை இறுக்கம், பேரக்குழந்தைக்குப் பிறவியிலேயே கடும் தளர்ச்சி என்று அமையலாம். ஆகவே ஆண்டுவாரியாக எழுதும் அந்தத் தாளில், நோயாளிக்கு ஒவ்வொரு அறிகுறியும் தோன்றிய ஆண்டோடு, 50 வயதுக்கு முன் கண்புரை அறுவை செய்துகொண்ட உறவினர்களையும், இளவயதில் திடீரென இறந்தவர்களையும் கேட்டு எழுதுங்கள்.